பேரனின் பல்லும் பாட்டியின் இடுப்பெலும்பும்

திண்டுக்கல்லில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது தோல் பதனிடும் ஆலைகளான தோல்ஷாப்புகள்தான். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆலைக் கழிவு நகரைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்திருக்கிறது என்பதை ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2005இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆனால் தோல்ஷாப்பின் வாடையே படாத நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சிற்றூர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். முன்பல்லில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டு, அல்லது காவிக் கறை. எவ்வளவு விளக்கினாலும் போகாது. இதற்கு எந்த முதலாளியையும் குறை சொல்ல முடியாது. காலடியில் கிடக்கும் பாறைதான் காரணம்.

அந்தப் பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடைப் பல் டாக்டரின் விஷயம் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் ஆய்வுகள் அப்படி ஒதுக்க விடுவதாயில்லை. பிள்ளையின் பல், வயலில் உழைப்பவரின் சிறுநீரகம், வழுக்கி விழுந்த பாட்டியின் இடுப்பெலும்பு ஆகிய மூன்றையும் ஒரே ஆழ்துளைக் கிணற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாறையிலிருந்து குடத்துக்கு

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளி, கடினப் பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்திய பூமி. அந்தப் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற தாதுக்களில் ஃபுளோரைடு பொதிந்திருக்கிறது. மழை குறைந்து, வெயில் கூடி, தண்ணீர் பாறை இடுக்கிலேயே நெடுங்காலம் தேங்கும்போது அது கரைந்து இறங்குகிறது. கிணறு வற்றி நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு போர் போட்டபோது, பாறையோடு அதிகக் காலம் கிடந்த நீரை நாமே மேலே கொண்டுவந்தோம்.

இதில் ஏமாற்றும் அம்சம் சுவை. சுண்ணச்சத்து மிகுந்த நீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்காது; கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில்தான் அது தாராளமாக நிற்கும். ஆகவே உப்புக் கரிக்கிறது என்று ஊரார் ஒதுக்கும் போரைவிட, பருப்பு நன்றாக வேகிறது என்று வரிசையில் நின்று பிடிக்கும் போரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு. நாக்கு, கண், மூக்கு எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.

இந்திய தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். ஆனால் அந்தக் கணக்கு ஒருவர் நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிப்பதாக வைத்துப் போட்டது. சித்திரை வெயிலில் களை எடுக்கும் பெண்ணுக்கு 2 லிட்டர் எந்த மூலைக்கு? வெப்பநாடுகள் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நிலக்கோட்டை வட்டாரத்தில் நீரையும் உணவையும் அளந்து, 2009இல் ஜி. விஸ்வநாதன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன: இந்த மண்ணுக்கு உகந்த அளவு 1 மில்லிகிராமுக்கும் கணிசமாகக் கீழே.

ஃபுளோரைடு மிகுவதால் வரும் ஃபுளோரோசிஸ் நோய்க்கு நம் பக்கத்தில் பழைய வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கழுத்தும் முதுகும் மரக்கட்டையாய் விறைத்துப்போன மனிதர்களை ஆராய்ந்து, கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும் உடனிருந்த மருத்துவர்களும் 1937இல் கட்டுரை எழுதினார்கள். எலும்பு ஃபுளோரோசிஸ் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது அப்போதுதான். அதற்கு முன்பே அதே பகுதியின் மாடுகளிடம் அந்த நோய் கண்டறியப்பட்டிருந்தது.

எட்டு வயது வரை

நிலைப்பற்களின் எனாமல் பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயது வரை ஈறுக்குள்ளேயே உருவாகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளே முக்கியம். கறை அப்போது விழுகிறது. வெளியே தெரிவது பல் முளைத்தபிறகு. எட்டு வயதுக்குப்பின் எவ்வளவு ஃபுளோரைடு குடித்தாலும் பல்லில் புதிதாகக் கறை படியாது. அதனால் வெளியூரிலிருந்து வந்த மருமகளின் வெள்ளைப் பல்லைக் காட்டி எங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வாதாடுவது செல்லாது.

உடலுக்குள் போகும் ஃபுளோரைடில் ஏறத்தாழ பாதியைப் பெரியவர்கள் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறார்கள். வளரும் எலும்பு அப்படி விடாது. கைக்குழந்தைகள் முக்கால் பங்குக்கு மேல்கூடப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகச் சொற்பம். தாய் குடிக்கும் நீரில் கூடுதலாக இருந்தாலும் பாலில் பெரிதாக ஏறுவதில்லை. பவுடர் பாலை போர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் நிலைமை தலைகீழ். தாய்ப்பால் கொடுங்கள் என்று சொல்லும் செவிலியர் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நம் வட்டாரத்தில் நன்றாக எடுபடும்.

அறிவுத்திறனைப் பற்றிய சர்ச்சை

அமெரிக்காவில் 1945இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கி, பல்சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்து வருகிறார்கள். இப்போது அவர்கள் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அதுவும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்குமா என்ற சண்டை அங்கே நீதிமன்றம் வரை போனது. 2025இல் யூட்டா மாநிலம் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதைத் தடையே செய்துவிட்டது. அந்தச் சண்டையின் துண்டு துணுக்குகள் வாட்ஸ்அப்பில் நம்மூருக்கு வரும்போது 'பற்பசை விஷம்' என்றாகிவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது வேறு. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீருக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியோடு கூறியது. 0.7 அளவில் தீங்கு உண்டா என்று முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்றது. 2025 ஜனவரியில் குழந்தை மருத்துவ இதழொன்றில் 74 ஆய்வுகளைத் திரட்டி வந்த கட்டுரையும் அதே திசையைக் காட்டியது. அந்த 74இல் 52 ஆய்வுகள் பிழைக்கு இடமுள்ள முறையில் நடந்தவை என்று அதன் ஆசிரியர்களே குறித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புகள். வறுமை, ஊட்டச்சத்துக் குறைவு, ஆர்செனிக் போன்றவற்றை முழுதாகப் பிரித்துப் பார்க்க அவற்றால் இயலாது.

எனவே கறைப்பல் உள்ள பிள்ளை மந்தமானவன் என்று எந்த ஆசிரியரும் எண்ணிவிடக் கூடாது. சராசரியில் தெரியும் சிறு வேறுபாடு ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லாது. அமெரிக்கர்களின் வாதம் 0.7ஐப் பற்றியது, நம் கவலை 1.5ஐத் தாண்டிய போர்களைப் பற்றியது. பிந்தியதில் விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை இல்லை.

கெட்டிப்பட்டும் உடைகிற எலும்பு

எலும்பு கெட்டியானால் உடையாது என்றுதான் எல்லோரும் நினைப்போம். மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எலும்புத் தேய்மானம் உள்ள 202 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில் ஒரு பாதியினருக்கு நான்காண்டுகள் சோடியம் ஃபுளோரைடு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் முடிவு வந்தது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை; கை, கால், இடுப்பு முறிவுகளோ மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கூடியிருந்தன. ஸ்கேனில் திடமாகத் தெரிந்த எலும்பு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மையோடு இருந்தது. அந்த மாத்திரையின் அளவு குடிநீரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரை நான்கே ஆண்டு. குடிநீர் ஐம்பது, அறுபது ஆண்டு.

குடிநீரை வைத்தே செய்த ஆய்வுகளும் உண்டு. சீனக் கிராமங்களில் ஐம்பது வயது கடந்த 8,266 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியான கட்டுரையில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் முறிவுகள் மிகக் குறைவாகவும் 4.32ஐத் தாண்டிய ஊர்களில் கூடுதலாகவும் இருந்தன. ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற 4,306 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வந்த ஆய்வு இன்னும் திகைக்க வைத்தது. அங்கே நீரில் 1 மில்லிகிராமுக்கு மேல் கிடையாது. அப்படியிருந்தும் அதிகம் உட்கொண்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். நம் எலும்பு மருத்துவர்களுக்கு அது போதுமான தூண்டுதல்: குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து வரும் அறுபது வயதுப் பெண்ணிடம் சர்க்கரை, பிரஷர் கேட்கும்போது எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்றும் கேட்கலாமே. கழுத்தைத் திருப்ப முடியாமை, குனிந்து கால்விரலைத் தொட முடியாமை, உட்கார்ந்தால் எழ முடியாமை ஆகியவற்றை வயசாகிவிட்டது என்ற ஒற்றை வாக்கியத்தில் மூடிவிடுகிறோம்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு

ஃபுளோரைடை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. அது தளர்ந்தால் எலும்பில் தேக்கம் கூடும். சர்க்கரை நோயாளிக்குத் தாகம் வேறு. அதிகம் குடிப்பார், குறைவாக வெளியேற்றுவார். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழகம் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. அந்த வீட்டின் குடிநீர் என்ன என்ற ஒரு கேள்வியையும் மாத்திரை கொண்டுவருபவரின் நோட்டில் சேர்க்கலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 2023இல் தமிழகமெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஐந்து பேருக்கு நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் ஏதும் இல்லை. கடும் வெயில்தான் முதல் சந்தேகம். இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் இதே போன்ற நோயை ஆராய்ந்தவர்கள் நிலத்தடி நீரின் ஃபுளோரைடையும் கடினத்தன்மையையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அங்கே இன்னும் முடிவு எட்டவில்லை.

அடுப்படியில்

முதலில் செய்யக் கூடாதது: கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்புவது. நீர் ஆவியாகும், ஃபுளோரைடு நிற்கும், செறிவு கூடும். குளோரினோ மெழுகுவத்தி வடிகட்டியோ மண்பானையோ இதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களில் உருவாக்கியது; அளவு தவறினால் அலுமினியம் மிஞ்சும் என்பதால் வீட்டில் கண்மட்டத்துக்குச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். இறால், நண்டு ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானைக் கொண்டு ஃபுளோரைடை உறிஞ்சும் பொருள்களைக் காந்திகிராம கிராமியப் பல்கலையின் வேதியியல் துறையில் எஸ். மீனாட்சியும் உடன் பணிசெய்தவர்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து உலக இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆய்வகத்திலிருந்து பக்கத்துத் தெருவுக்கு அது வந்து சேர வேண்டும்.

காவிரிக் கூட்டுக்குடிநீர் வாரத்தில் சில நாளே வருகிற ஊரில் இருக்கிற நல்ல நீரை யாருக்கு முதலில் கொடுப்பது? என் கணக்கு இது: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர். அடுத்து சமையல். சமையலை எல்லோரும் மறந்துவிடுகிறோம். சோறும் பருப்பும் உறிஞ்சும் நீர் கொஞ்சமா? குளிக்க, துவைக்க போர் நீர் போதும். தோலின் வழியே ஃபுளோரைடு ஏறாது.

தேயிலை மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்துச் சேமிக்கும் செடி. கட்டங்காப்பி மாதிரி கட்டன்டீயைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். பற்பசை வேண்டாம் என்றில்லை. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பினால் சரி. கால்சியமும் வைட்டமின் சியும் இருக்கும் உடம்பில் பாதிப்பு குறைகிறது. கேழ்வரகும் தயிரும் ஒட்டன்சத்திரம் சந்தை முருங்கைக்கீரையும் ஆயக்குடிக் கொய்யாவும் இதற்குப் போதும். டப்பா ஊட்டச்சத்து மாவு தேவையில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளும் 10 கிராம் புளி சேர்த்துக் கொடுத்தபோது சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. 2002இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தது இருபது சிறுவர்கள்தான். ரசம் குடிக்கலாம், ரசம் இருக்கிறதே என்று கெட்ட போரைத் தொடரக் கூடாது.

எண்ணைக் கேளுங்கள்

ஊர் அளவில் இதற்கு நிலையான தீர்வு, ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவருவது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதன் முதன்மைக் காரணமே ஃபுளோரோசிஸ். திண்டுக்கல் சமவெளியின் கடைக்கோடி ஊர்களுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அதுவரை உங்கள் போரின் ஃபுளோரைடு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். நீர் நன்று என்ற வாய்மொழியை ஏற்காமல் ஃபுளோரைடு எத்தனை மில்லிகிராம் என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழகத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராமசபை கூடுகிறது. ஊர் மேல்நிலைத் தொட்டி ஒவ்வொன்றிலும், பள்ளி, அங்கன்வாடிக் குழாயிலும் அந்த எண்ணைப் பெயிண்டில் எழுதி வைக்க வேண்டும் என்று அந்தச் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.