புகையை வடிக்கும் துணிப்பை

சகோதரிகளே, தேத்தண்ணிக் கடைகளில் சாயம் வடிக்கும் துணியைப் பார்த்திருப்பீர்கள். புதுத் துணியில் முதலில் ஊற்றும்போது தூளும் சேர்ந்து இறங்கும். மண்டி படிந்த பின்புதான் சாயம் தெளிவாக வரும். நிலக்கரி மின் நிலையங்களில் புகையை வடிக்கும் துணிப்பையும் இதே விதமாகத்தான் வேலை செய்கிறது.

கலஹாத் தேயிலை மலையில் இருந்துகொண்டு இவள் ஏன் நிலக்கரியைப் பற்றி எழுதுகிறாள் என நினைக்கலாம். எமது லயங்களில் எரியும் மின்குமிழுக்கும் புத்தளத்து நுரைச்சோலைக்கும் தொடர்பு உண்டு. 2011 இல் தொடங்கி 2014 இல் மூன்று அலகுகளாக வளர்ந்த 900 மெகாவாட் நிலையம் அது. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் மண்ணிலும் இன்னொரு நிலக்கரி நிலையம் கட்ட இருந்தார்கள். 2016 இல் அது கைவிடப்பட்டது. ஊர் திரும்பிய பெண்ணின் வாசலுக்கு எதிரே புகைபோக்கி எழும் என்றால், அதிலிருந்து என்ன வரும் என்று அவள் அறிந்திருக்கத்தானே வேண்டும்?

நிலக்கரி எரிந்ததும் மாவை விட மெல்லிய சாம்பல் புகையோடு பறக்கிறது. அதில் மிக நுண்ணிய துகள்கள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இரா. மூக்கு இவற்றைத் தடுக்காது. நேரே நுரையீரலின் அடிக்குப் போய்விடும். இதற்காக, கம்பிக்கூட்டின் மேல் போர்த்திய நீண்ட பைகளை ஆயிரக்கணக்கில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். புகை வெளிப்புறமிருந்து பைக்குள் நுழைகிறது. சாம்பல் வெளியே படிகிறது. படிந்த அந்தப் படையே மேலும் நுண்ணிய தூசைப் பிடிக்கிறது. படை தடித்தால் புகை போக முடியாது. எனவே, இடையிடையே அமுக்கிய காற்றைப் பைக்குள் சட்டென்று ஊதுகிறார்கள். பை உதறுண்டு, சாம்பல் கீழே உள்ள தொட்டியில் விழுகிறது. நாம் சாக்கை உதறுவது போலத்தான். நல்ல நிலையிலுள்ள பைகள் தூசில் 99 வீதத்துக்கும் மேல் பிடித்துவிடும்.

ஆனால் சாதாரண துணி அந்தச் சூட்டைத் தாங்காது. கண்ணாடி இழை போன்றவற்றால் நெய்த பைகளும் சில ஆண்டுகளில் நைந்துவிடும். சூடு மீறினாலோ தீப்பொறி பட்டாலோ ஓட்டை விழும். ஓட்டைப் பை இருந்தும் பயனில்லை. ஆகவே "பை இருக்கிறதா?" என்று கேட்பதை விட, "கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்பதே கெட்டித்தனம்.

நுரைச்சோலையில் இருப்பது துணிப்பை அல்ல. மின்னேற்றத்தால் தூசை இழுக்கும் தகடுகள். எங்கள் பக்கத்து ஸ்டோரில் வேலை செய்யும் பெண்களுக்கு இது புதிதல்ல. தேயிலையிலிருந்து நாரைப் பிரிக்கும் உருளை உராய்ந்து மின்னேறி நாரைக் கவ்வுவதைத் தினமும் காண்கிறார்கள். சிலவகை நிலக்கரிச் சாம்பல் இந்தத் தகடுகளுக்கு எளிதில் பிடிபடாது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நிலையங்கள் துணிப்பையை நாடியதற்கு அதுவே காரணம்.

பையோ தகடோ, இரண்டும் கந்தக வாயுவைப் பிடிக்காது. புகைபோக்கிக்குள் போகாத தூசையும் பிடிக்காது. வெளியே குவித்த நிலக்கரியிலிருந்தும் சாம்பல் மேட்டிலிருந்தும் காற்றுக்காலத்தில் தூசு பறந்து வீடுகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் படிவதாக நுரைச்சோலை அயலவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். குவியலை நனைத்தும் மூடியும் வைப்பதும், காற்றுத் தடுப்பு வேலி போடுவதும்தான் அதற்கு வழி. சம்பூரில் 2025 இல் அடிக்கல் நாட்டப்பட்டது சூரிய மின் நிலையத்துக்கு; அதற்குப் புகைபோக்கி இல்லை.