இளம் உள்ளங்களும் செரோட்டோனினும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனப் புத்தகத்தைத் தொட மறுக்கிறான். உறக்கமில்லை; பசியில்லை; எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். "சோம்பேறித்தனம்" என்கிறார் தந்தை. "கண் பட்டுவிட்டது" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார் பாட்டி. இவ்வறிகுறிகள் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். சிறுவரிடம் அது துயரமாக மட்டுமன்றி எரிச்சலாகவும் வெளிப்படும்.

இந்நோயோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் செரோட்டோனின். அது யாது? டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் வேதிப்பொருள். நரம்பணுக்களிடையே செய்தி சுமக்கும் தூதுவன். உறக்கம், பசி, மனநிலை மூன்றிலும் இதற்குப் பங்குண்டு.

இதன் வரலாற்றில் நம் நாட்டு மூலிகையும் இடம்பெறுகிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரெசர்பின், இரத்தக் கொதிப்புக்கு மருந்தாயிற்று. அதை உட்கொண்ட சிலர் மனம் சோர்ந்தனர். அது மூளையின் செரோட்டோனினைக் குறைப்பது 1955இல் தெரிந்தது. செரோட்டோனின் குறைவே மனச்சோர்வு என்ற கருத்துக்கு இதுவும் ஒரு வித்து.

அப்படியானால், டிரிப்டோபேன் உள்ள நம் நாமக்கல் முட்டையைத் தின்றால் நோய் தீருமா? தீராது. மூளைக்குள் நுழைய டிரிப்டோபேன் மற்ற அமினோ அமிலங்களோடு போட்டியிட வேண்டும். உடலின் செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில் உள்ளது. அதுவும் மூளைக்குள் புகாது. மேலும், புளுவாக்சடின் மருந்து சில மணி நேரத்திலேயே செரோட்டோனின் மீது செயல்படத் தொடங்குகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. எனவே 'குறைவு' என்ற ஒரு சொல்லில் நோய் அடங்காது. மரபு, வறுமை, தேர்வு அச்சம், விடுதித் தனிமை ஆகியவையும் சேர்கின்றன.

வளரும் மூளைக்கு மருந்து தருவதில் கவனம் தேவை. அமெரிக்காவில் 2003இல் சிறுவருக்குப் புளுவாக்சடின் அனுமதிக்கப்பட்டது. இத்தகைய மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தை மிகுவிக்கலாம் என 2004இல் எச்சரிக்கையும் வந்தது. ஆகவே கடையில் தாமாக வாங்குவதும் தவறு. மருத்துவர் தந்ததைத் தாமாக நிறுத்துவதும் தவறு. மனம்விட்டுப் பேசவைக்கும் உளவியல் சிகிச்சையும் பயன் தரும்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் தம்பி தங்கையரின் மதிப்பெண் மீது வீட்டின் நம்பிக்கை முழுவதும் ஏற்றப்பட்டிருக்கிறது. அவர்கள் வாடினால் மந்திரிப்பதோடு நில்லாது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வோம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் இதை எடுத்துச் சொல்லும் கடமை படித்த நமக்கே உரியது.