கத்தி விழுந்த பிறகு



வழக்கமாக இந்த மடலில் புதிய கருவிகளைப் பற்றியும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் எழுதுவோம். இம்முறை அறுவை சிகிச்சை வார்டில் எங்களை நீண்ட நேரம் பேச வைத்த ஒரு காரியத்தை எழுதுகிறோம்.

முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன், வயது பதினேழு. பெயர் வேண்டாம். நண்பனின் பிறந்த நாளன்று இரவு தெருவில் கேக்கை வைத்துப் பட்டாக்கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடிக்க, ஒருவன் கத்தியைச் சுழற்ற, இவன் விளையாட்டாகக் கையை நீட்டிப் பிடித்தான். சண்டையும் இல்லை, பகையும் இல்லை. இரண்டு விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்துபோயின. (நம் மக்கள் இதை நரம்பு என்பார்கள். உண்மையில் இது தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு.)

கதாநாயகன் வெறுங்கையால் கத்தியைப் பிடித்து நிறுத்தும் காட்சியை நாம் எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! அடுத்த காட்சியில் கையில் ஒரு சிறு கட்டு, அதற்கடுத்து பாட்டு. நடப்பது வேறு. அறுந்த தசைநாணின் முனை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். மருத்துவர் அதைத் தேடிப் பிடித்து நுண்ணிய நூலால் தைக்க வேண்டும். பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் கையில் சிம்பு. அதற்குள்ளேயே தினமும் அளவாக விரலை அசைக்க வேண்டும். அதிகம் இழுத்தால் தையல் பிய்ந்துவிடும், அசைக்காமல் விட்டால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். கனமான பொருளைத் தூக்க மூன்று மாதம் போல ஆகும். அந்தப் பையன் மோட்டார் மெக்கானிக் கடையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தவன். அவனுடைய அம்மா வீட்டு வேலை செய்பவர். பையனைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் நாளெல்லாம் அவருக்குக் கூலி இல்லை.

கத்தியால் கேக் வெட்டும் இந்தப் பழக்கம் எப்படிப் பரவியது? 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்த நாள் விழாவைக் காவல்துறை சுற்றி வளைத்து, எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. அவர் பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் காட்சி எங்கும் பரவியது. அதன் பிறகு பல ஊர்களில் இளைஞர்கள் அதையே செய்து வழக்கில் சிக்கினார்கள். அது சினிமா அல்ல, உண்மையில் நடந்தது. ஆனாலும் பிள்ளைகள் அதை ஒரு படக்காட்சியாகவே பார்த்தார்கள், தாங்களும் நடிக்கலாம் என்று. 2015-ல் வந்த 'நானும் ரௌடிதான்' படத்தின் கதை நடப்பது நம் புதுச்சேரியில்தான். ரவுடியாக ஆசைப்படும் ஒரு பையனைப் பற்றிய நகைச்சுவைப் படம். எங்களில் பலர் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், மறைப்பானேன்.

எல்லாவற்றுக்கும் சினிமாவே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இரவு அவசரப் பிரிவுக்கு வரும் வெட்டுக் காயங்களுக்குப் பின்னால் படத்தைவிடக் குடியே அதிகம் நிற்கிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி யு.ஏ. சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் 'கூலி' படத்துக்கு வன்முறைக்காக 'ஏ' சான்றிதழ் கிடைத்தபோது, தயாரிப்பு நிறுவனம் அதை மாற்றக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது, மனு தள்ளுபடியானது. நல்லதுதான். ஆனால் சான்றிதழ் தியேட்டர் வாசலில் நின்றுவிடும், அதே சண்டைக் காட்சி செல்போனில் துண்டு துண்டாகக் குழந்தையின் கைக்கு வந்துவிடும்.

திருச்சபைக்கு இது புதிய கேள்வி அல்ல. ரோமப் பேரரசில் மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக் கொல்வதைக் காண மக்கள் அரங்குகளில் கூடினார்கள். கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் இதைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். புனித அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலில் சொல்லும் சம்பவம் அதைவிட நம் நெஞ்சைத் தொடுகிறது. அவருடைய நண்பர் அலிப்பியுஸ் ரோமில் சட்டம் படித்தவர். அந்தக் காட்சிகளை வெறுத்தவர். ஒருநாள் சக மாணவர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். 'என் உடம்பைத்தானே கொண்டுபோகிறீர்கள்' என்ற நினைப்பில் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதுகளை மூடவில்லை. ஒருவன் வெட்டுண்டு விழ, கூட்டம் பேரிரைச்சலிட்டது. என்னவென்று கண் திறந்தார். அவ்வளவுதான், இரத்தத்தைக் கண்டதும் வெறி தொற்றிக்கொண்டது. பிறகு அவரே மற்றவர்களை இழுத்துப் போகிறவர் ஆனார். வெகு காலத்துக்குப் பின்பே விடுபட்டார், பின்னாளில் ஆயரானார்.

அகுஸ்தீன் இங்கே வெட்டியவனைப் பற்றிப் பேசவில்லை. பார்த்தவரைப் பற்றிப் பேசுகிறார். பார்ப்பதால் யாருக்கும் காயம் இல்லை என்று நாம் சொல்கிறோம். பார்ப்பவரின் இரக்கம் காயப்படுகிறது என்பதே அவர் சொல்வது.

லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன மனிதனைக் கள்வர் தாக்கியதை இயேசு ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். எத்தனை பேர், என்ன ஆயுதம், எப்படி அடித்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் சமாரியன் வந்ததும் கதை நிதானமாகிறது. எண்ணெய், திராட்சை இரசம், கட்டு, வாகனத்தில் ஏற்றியது, சத்திரம், அன்றிரவுப் பராமரிப்பு, மறுநாள் இரண்டு தெனாரியம், திரும்பி வருவேன் என்ற வாக்கு. நம் படங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: அடிக்குப் பத்து நிமிடம், ஆறுவதற்கு அரை நிமிடம்.

நம்மையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2004-ல் மெல் கிப்சன் எடுத்த பாடுகளின் படத்தைப் பக்தியோடு பார்த்தவர்கள் நம்மில் பலர். சாட்டையடியை அப்படம் நீட்டி நீட்டிக் காட்டியது. நற்செய்தியாளர்களோ சிலுவையில் அறைந்ததை ஓரிரு சொற்களில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் படத்தால் மனம் திரும்பியவர்களும் உண்டு என்று எங்களில் சிலர் வாதிடுகிறார்கள். அதை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, ஆனாலும் குழந்தைகளை அதற்கு அழைத்துப் போனது சரியில்லை என்றே தோன்றுகிறது.

வெளிநோயாளிகள் கூடத்துத் தொலைக்காட்சியில் பகல் முழுதும் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தையல் போட்டுக்கொள்ளக் காத்திருப்பவர் முன்னால் அரிவாள் வீச்சு! இதை எங்கள் கண்ணுக்குக் காட்டியது அந்தப் பையனின் அம்மாதான். "இதை அணைச்சிடுங்கம்மா" என்று நர்ஸிடம் கேட்டார். அணைத்தோம். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது, பொழுது போகவில்லை என்று. இப்போது அங்கே ஒரு மேசையில் சிறுவர் புத்தகங்களும் வண்ணப் பென்சில்களும் இருக்கின்றன. பெரியவர்கள் தங்கள் செல்போனைப் பார்க்கிறார்கள், அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பையனால் இப்போது ஸ்பேனரைப் பிடிக்க முடிகிறது. சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு வருகிறான். கேக் வெட்டிய நண்பனே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, முடியும்வரை வாசலில் காத்திருக்கிறான். போன வாரம் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். விரலை மடக்கும்போது பையன் பல்லைக் கடித்ததை அவன் முழுதாகப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

கை சிகிச்சைக்கு மெழுகு ஒத்தடக் கருவி ஒன்று தேவைப்படுகிறது. உதவ விரும்புவோர் இம்மடலுடன் உள்ள படிவத்தில் 'பிசியோதெரபி' என்று எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். சிறுவர் புத்தகங்களையும் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.