மூழ்கிய நெல்லும் அடங்கிய மரபணுவும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில், 2021 நவம்பரில் நேர்ந்ததைப் போல, நாஞ்சில் நாட்டுக் கும்பப்பூப் பருவ நெல்வயல்கள் நீருக்கடியில் கிடக்கும் படங்கள் பரவத் தொடங்கியதும், பார்வையாளர்களிடமிருந்து தவறாமல் வந்து சேர்வது ஒரே கேள்வி: வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாத ‘சப்-1’ நெல், மரபணு மாற்றப் பயிரா? ‘அல்ல’ என்பதே விடை. ஆயினும், ஒரு மரபணு உயிரணுவுக்குள் இருந்துவிட்டாலே அது எந்நேரமும் வேலை செய்துகொண்டிருக்கும் என்ற பிழையான எண்ணம் அக்கேள்விக்கு அடியில் கிடப்பதால், முதலில் அதைக் களைய வேண்டியுள்ளது.

டி.என்.ஏ.வும் புரதமும் பள்ளிப் பாடத்திலேயே முடிந்துபோனவை; அவற்றுக்கு இங்கு இடமில்லை. மரபணுவில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி ஆர்.என்.ஏ.வாக எழுதிக்கொள்வது படியெடுத்தல் எனப்படும். எந்த மரபணுவை, எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்று உயிரணு முடிவு செய்வதே அதன் கட்டுப்பாடு. இக்கட்டுப்பாட்டில் பெரும்பகுதி, செய்வதில் அன்று, செய்யாமல் அடங்கியிருப்பதில்தான் உள்ளது என்பதே இக்காணொளியின் மையக்கருத்து. அது மீண்டும் மீண்டும் வரும், பொறுத்தருள வேண்டும்.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961இல் வெளியிட்டு, 1965இல் ஆந்திரே லுவோஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமான ஆய்வு, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைப் பற்றியது. பால் சர்க்கரையான லாக்டோஸைப் பயன்படுத்தத் தேவைப்படும் மூன்று மரபணுக்கள் அதில் அடுத்தடுத்து அமைந்து, ஒரே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கின்றன. இத்தகைய தொகுதிக்கு ஓபரான் என்று பெயர். லாக்டோஸ் இல்லாதபோது, அடக்கி என்னும் புரதம், இயக்கி எனப்படும் டி.என்.ஏ. பகுதியில், வாய்க்கால் மடையில் செருகிய பலகைபோல் அமர்ந்து பாலிமரேஸை மறித்துவிடுகிறது. லாக்டோஸ் உள்ளே வந்ததும், அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் அடக்கியோடு பிணைந்து அதன் பிடியைத் தளர்த்த, படியெடுத்தல் தொடங்குகிறது. குளுக்கோஸும் அருகில் இருந்தால், லாக்டோஸ் கிடைத்தும் இம்மரபணுக்கள் மந்தமாகவே இயங்குகின்றன. எளிதில் கிடைப்பதை முதலில் தின்னும் குணம் பாக்டீரியாவுக்கும் உண்டு. மனிதரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மடை என்றதும் பேச்சிப்பாறை அணையைக் கடந்து செல்வது நாஞ்சில் நாட்டில் இயலாத காரியம். திருவிதாங்கூர் ஆட்சியில், மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கோதையாற்றின் குறுக்கே எழுந்து 1906இல் நிறைவுற்ற அந்த அணையின் நீர் எப்போது திறக்கப்படும் என்பதைப் பார்த்தே கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு நெற்பருவங்களும் கணக்கிடப்படுகின்றன. கடைமடைக்கு நீர் சேருமா என்ற நெடுநாள் வழக்கைத் தீர்க்கும் ஆற்றல் இக்காணொளிக்கு இல்லாததால், நெல்லுக்கே திரும்புவது நல்லது.

நெல், மனிதன் போன்ற சிக்கலான உயிரிகளில் அடக்கிவைத்தல் இன்னும் ஆழமானது. அவற்றின் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் ஏறத்தாழ 147 எழுத்துகளுக்கு ஒரு சுற்றுத்தொகுதியாகச் சுற்றப்பட்டு நியூக்ளியோசோம்களாகக் கிடப்பதால், பெரும்பாலான மரபணுக்கள் எளிதில் அணுக முடியாத நிலையிலேயே இருக்கின்றன. ஹிஸ்டோன்களில் அசிடைல் தொகுதிகள் ஒட்டும்போது சுற்று தளர்கிறது. பின்னர், குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசைகளை இனங்கண்டு அமரும் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்கள் பாலிமரேஸை வரவழைக்கின்றன. மேம்படுத்தி எனப்படும் வரிசை மரபணுவிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளியிருந்தாலும், இடைப்பட்ட டி.என்.ஏ. வளைந்துகொடுப்பதால் அதன் செல்வாக்கு மரபணுவை எட்டுகிறது. இலையின் உயிரணுவும் வேரின் உயிரணுவும் ஒரே மரபணுத் தொகுதியை வைத்துக்கொண்டு வேறு வேறாக வாழ்வது இதனால்தான். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டாததைச் செய்யாமல் இருக்கிறது.

சப்-1 நெல்லில் உள்ள சப்1ஏ என்னும் மரபணு அத்தகைய படியெடுத்தல் காரணி ஒன்றை உருவாக்குவதே என்று 2006இல் கண்டறியப்பட்டது. பயிர் மூழ்கியதும், நீரில் வாயுக்கள் காற்றைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், செடி தானே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. சாதாரண நெல், இந்த அறிகுறியைக் கண்டதும் ஜிப்ரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் துணையால் நீருக்கு மேலே எட்டிப்பார்க்க நீண்டு, சேமித்த மாவுச்சத்தைக் கரைத்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடுகிறது. சப்1ஏ உள்ள நெல்லிலோ, அதே எத்திலீன் அம்மரபணுவின் படியெடுத்தலைத் தூண்ட, அதன் புரதம் ஜிப்ரெல்லினின் செயலை ஒடுக்கும் புரதங்களை மிகுவித்து நீட்சியைத் தடுக்கிறது. செடி அசையாமல் கிடந்து, மாவுச்சத்தைக் காத்துக்கொள்கிறது. பல இண்டிகா நெல்களில் இம்மரபணுவின் வலுக்குறைந்த வடிவம் இருந்தும் அவை தப்புவதில்லை. மாறாக, ஆழநீர் நெல்லில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்னார்க்கல் மரபணுக்கள், அதே எத்திலீனைக் கேட்டு, தண்டை வேகமாக நீட்டுகின்றன. ஒரே செய்திக்கு எதிரெதிர் விடைகள்; விரைவில் வடியும் வெள்ளத்தில் செய்யாமல் இருப்பதே வெல்கிறது என்பதை மீண்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேரம் முடியும் தறுவாயில் இருப்பதால், உழவருக்கு உண்மையில் வேண்டியவை சுருக்கமாக: ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர்.13ஏ வகையின் இம்மரபணு, மகரந்தக் கலப்பின் வழியாக, டி.என்.ஏ. குறியீடுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தே மற்ற வகைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியாயிற்று, தமிழ்நாட்டுக்கு சி.ஆர். 1009 சப்-1 உண்டு. இவை வீரிய ஒட்டு அல்லாததால் விதையைச் சேமித்துக்கொள்ளலாம். வளர்ச்சிப் பருவத்தில் ஏறத்தாழ இரு வாரம் முழுவதுமாக மூழ்கினாலும் தாங்கும். பூக்கும் பருவத்திலும், அரைகுறையாக வாரக்கணக்கில் நீர் நிற்கும் வயலிலும் இவற்றை நம்ப வேண்டாம். நீர் வடிந்த அன்றே யூரியா இடாமல், புதிய இலை வந்தபின் இட வேண்டும். சி.ஆர். 1009 ஐந்து மாதம் கடந்து நிற்கும் நெல் என்பதால், கும்பப்பூவுக்கு அது ஒத்துவருமா என்பதைத் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டபின் விதைப்பதே முறை.