காற்றைத் தின்று உயிர் பிடிக்கும் பற்றீரியா

ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில், நான் வாழும் கிரான்பர்னில் ரயில் ஏறினால் டாண்டினோங் தாண்டிக் கிளேய்ட்டன் வரும். அங்குள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் கிரீனிங் குழுவினர் செய்யும் ஆய்வைப் பற்றி யாரைக் கண்டாலும் சொல்லத் தோன்றுகிறது எனக்கு. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான்.

காற்றில் ஏறத்தாழ இருபது இலட்சம் மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் ஐதரசன். அந்தச் சொற்பத்தையும் பிடித்து உண்ணும் பற்றீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. மைக்கோபற்றீரியம் ஸ்மெக்மாட்டிஸ் அவற்றில் ஒன்று. காசநோய்க் கிருமிக்கு உறவு, ஆனால் பெரும்பாலும் தீங்கில்லாதது.

கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் எதை உண்கிறது என்று எப்படி அறிவது? உண்ணப் பயன்படும் கருவியான நொதியத்தை உருவாக்கும் மரபணுவை எடுத்துவிட்டு, என்ன நடக்கிறதென்று பார்ப்பார்கள். நீக்கவேண்டிய மரபணுவின் இருபுறமும் உள்ள டிஎன்ஏ துண்டுகளை மட்டும் எடுத்து, நடுப்பகுதியை விட்டுவிட்டு ஒட்டுவார்கள். அதை மின்னதிர்வு கொடுத்துப் பற்றீரியாவுக்குள் செலுத்துவார்கள். ஒத்த வரிசைகள் இடம் மாறிக்கொள்ளும்போது, சில கலங்களில் மட்டும் பழைய மரபணு வெளியேறிவிடும். அந்தச் சிலவற்றைத் தேடிப் பிரித்து, பிசிஆர் சோதனையில் உறுதிசெய்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

ஐதரசனை உள்ளெடுக்க ஸ்மெக்மாட்டிஸ் பற்றீரியாவிடம் இரண்டு நொதியங்கள் உண்டு. கிரீனிங் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் கிரெக் குக்குடன் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இவற்றைப் பற்றியது. ஒரு மரபணுவை நீக்கினாலும் மூடிய போத்தலில் ஐதரசன் குறைந்துகொண்டே போகலாம், மற்ற நொதியம் வேலை செய்வதால். இரண்டையும் நீக்கியபின்தான் உறிஞ்சல் நின்றது. ஒரு மரபணுவை எடுத்து மாற்றம் தெரியாவிட்டால் அது வீண் மரபணு என்று முடிவுகட்டக் கூடாது. அதன் வேலையை வேறொன்று ஏற்றிருக்கலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நொதியங்களை இழந்தவை குறைவாகவே வளர்ந்தன. மற்ற உணவு தீர்ந்தபின் தாக்குப்பிடிக்கும் வலுவும் அவற்றுக்குக் குறைந்தது. பஞ்ச காலத்தில் ஒடியற்கூழ் குடித்து உயிர் பிடித்தவர்களைப் போலத்தான் இந்த உயிர்களும் ஐதரசனை நம்புகின்றன.

2023இல் மொனாஷின் ரைஸ் கிரின்டர், ஆஷ்லி குரொப், கிரீனிங் ஆகியோர் அந்த நொதியங்களில் ஒன்றான ஹக்கைத் தனியே பிரித்து, அதன் வடிவத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதன் மையத்தில் நிக்கலும் இரும்பும் இருக்கின்றன. கிரான்பர்னில் கிடைத்த புகழ்பெற்ற விண்கற்களும் பெரும்பாலும் அதே இரண்டு உலோகங்களால் ஆனவை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. காற்றிலுள்ள ஐதரசனிலிருந்து ஹக் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 80 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்குகிறது.

காற்றிலிருந்து அகற்றப்படும் ஐதரசனின் பெரும்பங்கை உறிஞ்சுவது மண்தான், அதாவது அதிலுள்ள இத்தகைய பற்றீரியாக்கள். ஐதரசனை எரிபொருளாக்கும் முயற்சியில், 2022 சனவரியில் எங்களுக்குத் தெற்கேயுள்ள ஹேஸ்டிங்ஸ் துறைமுகத்திலிருந்து திரவ ஐதரசனுடன் சுயிசோ புரொன்டியர் கப்பல் ஜப்பானின் கோபே நகருக்குப் புறப்பட்டது. ஐதரசன் மூலக்கூறு மிகச் சிறியது, எளிதில் கசியும். எரிபொருளாக அது பெருகினால் கசிவில் எவ்வளவை மண் விழுங்கும் என்று கணிக்க, ஐதரசனை உண்ணும் நொதியங்களின் மரபணுக்கள் எந்த மண்ணில் எவ்வளவு இருக்கின்றன என்பது தெரியவேண்டும்.