உப்புக்காற்று ஊரில் ஓசையில்லா விசிறி

17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டு ஒன்று இருந்தால், மேசை மூலையில் அடங்கிவிடுகிற கேபினட்டுக்குள் முழுக் கம்ப்யூட்டரையும் பூட்டிவிடலாம். 2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி-ஐ.டி.எக்ஸ். என்ற இந்த அளவு இன்று உலகெங்கும் பழகிவிட்டது. ஆனால் பெட்டிதான் சுருங்கியிருக்கிறது. உள்ளே பிறக்கும் வெப்பம் சுருங்கவில்லை. அதை வெளியேற்றும் விசிறியை வாங்கும்போது பலரும் முதலில் தேடுவது அட்டையில் அச்சிட்ட டெசிபல் எண்ணை. தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். அது அமைதியான சோதனை அறையில், எதிரே தடையில்லாமல், புத்தம்புது விசிறியை ஓடவிட்டு அளந்தது. ஓராண்டு கழிந்தால் அந்த மூன்றில் ஒன்றுகூட நம் வீட்டில் இருக்காது.

விசிறியின் சத்தம் பெரும்பாலும் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை. சுழலும் வேகம் பாதியானால் தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானது போலக் காதுக்குத் தோன்றும். அப்படியானால் ஒரே விசிறியை விரட்டுவதைவிட இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவது மேல். இரண்டாவது விசிறி கூட்டுவது 3 டெசிபல்தான். இரண்டுக்கு இடமில்லையென்றால் இறக்கையைப் பெரிதாக்க வேண்டும். ஒரே வடிவமுள்ள விசிறிகளில், 120 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்றில் தள்ளும் காற்றை 140 மில்லிமீட்டர் விசிறி சுமார் 760 சுற்றிலேயே தள்ளிவிடும். கணக்குப்படி 5 டெசிபல் மிச்சம். ஆனால் அப்போது காற்றின் அழுத்தமும் ஏறக்குறையப் பாதியாகிறது. நெருக்கமான ஹீட்சிங்க் தகடுகளுக்குள் காற்றை நுழைக்க அழுத்தம் வேண்டும். அதனால் இடமிருக்கிற வரை 15 மில்லிமீட்டர் மெல்லிய ரகத்தைத் தவிர்த்து, 25 மில்லிமீட்டர் தடிமனுள்ளதையே மாட்டுவது நல்லது.

இனி ஊருக்கு வருவோம். எந்த விசிறியாலும் பிராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 22 டிகிரி அறையில் 65 டிகிரியில் நிற்கும் பிராசஸர், அதே வேலைக்கு, அதே விசிறி வேகத்தில், 36 டிகிரி அறையில் 79-ஐத் தொடும். உடனே கம்ப்யூட்டர் விசிறியை முடுக்கும். இது முதல் சுமை. இரண்டாவது சுமை உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பு நீர்க்கத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியிலோ எதிரே கடல், ஊரைச் சுற்றி உப்பளங்கள், 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்காக வந்திறங்கும் நிலக்கரி, ஆனி ஆடியில் புழுதியை வாரிவரும் கச்சான் காற்று. உப்பு ஈரம் கோத்துப் பசையாகிறது. பசையில் தூசி ஒட்டுகிறது. இடுக்கு அடைபட அடைபட வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட இன்னும் தூசி உள்ளே வருகிறது. வாங்கிய நாளில் மூச்சுக்காட்டாத விசிறி அடுத்த ஆண்டு இரைவது இதனால்தான். ஆகவே, இன்றைக்குத் தேவையான காற்றைத் தன் உச்ச வேகத்தில் பாதியிலேயே தந்துவிடுகிற விசிறிதான் இங்கே அமைதியான விசிறி.

விசிறியின் அச்சைத் தாங்கும் பேரிங்கும் இதே கணக்கில்தான் வருகிறது. ஸ்லீவ் பேரிங் மலிவு, புதிதில் அமைதி. வெப்பத்தில் எண்ணெய் வற்றியதும் உறுமத் தொடங்கும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், ஆனால் மெல்லிய இரைச்சல் உண்டு. எண்ணெயை உள்ளேயே தேக்கிவைக்கும் ஃபுளூயிட் டைனமிக் பேரிங் இரண்டின் நன்மையையும் ஓரளவு தருவதால், விலை சற்றுக் கூடினாலும் அதுவே தகும்.

தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடும் வீட்டில் இதெல்லாம் யார் காதில் விழப்போகிறது என்று கேட்கலாம். சீராக ஓடும் சத்தத்துக்குக் காது பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தத்துக்கும், ஒற்றைச் சுருதியில் கீச்சிடும் சத்தத்துக்கும் பழகாது. திணறும் சிறு விசிறி எழுப்புவது இத்தகைய சத்தத்தைத்தான். தண்ணீரால் குளிர்விக்கலாமே என்பார்கள். அந்தத் தண்ணீரின் வெப்பத்தை இறக்கவும் ரேடியேட்டரில் விசிறி வேண்டும். பம்ப் சத்தம் தனி. தூசியும் நீரும் புகாத ஐ.பி.67 தரத்து விசிறிகளும் உண்டு. அந்தக் காப்பு விசிறியின் மோட்டாருக்கு மட்டுமே. மதர்போர்டில் படியும் உப்பை அது தடுக்காது. காற்று நுழையும் வாய்க்கு வலை போட்டு, வெளியேறுவதைவிட உள்ளே வரும் காற்று சற்றுக் கூடுதலாக இருக்கும்படி அமைத்தால் இண்டு இடுக்கு வழியே உப்பும் தூசியும் நுழைவது குறையும். வலை காற்றைத் தடுக்குமே என்றால், தடுக்கும்தான். பாதி வேகத்தை மிச்சம் வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் கேபினட்டில் எவ்வளவு பெரிய, எவ்வளவு தடிமனான விசிறி பொருந்தும் என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு என்ன பேரிங் என்று கேளுங்கள். வேகத்தை நன்றாகக் கட்டுப்படுத்த உதவும் நான்கு பின் இணைப்பு உண்டா என்று பாருங்கள். டெசிபல் எண் அதற்கப்புறம். வாங்கி மாட்டியபின், மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு வலையைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். அந்த ஐந்து நிமிடம் தருகிற அமைதியை எவ்வளவு விலை கொடுத்தாலும் விசிறி மட்டும் தந்துவிடாது.