மலையின் நகர்வும் கணக்கும்

கிழக்குச் சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் பிரியென்ஸ். தேவாலயத்தோடும் வீடுகளோடும் அவ்வூர் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகப் பள்ளத்தாக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு மேலிருந்த பாறைத்திரளோ அதனினும் விரைந்து நகர்ந்தது. அது என்று சரியும் என்பதே மக்களின் கேள்வி.

கண்ணுக்குப் புலனாகாத இத்தகைய நகர்வை அளக்கச் செயற்கைக்கோள்கள் துணைபுரிகின்றன. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் வானொலி அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு, நிலத்திலுள்ள அலைவாங்கி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. ஆனால், வளிமண்டலம் அவ்வலைகளைத் தாமதப்படுத்துவதால் கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் பிழைபடுவதுண்டு. மலையோ நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டரே நகரக்கூடும்! எனவே, அலைவாங்கி ஒன்றைச் சரியும் நிலத்திலும், மற்றொன்றை அருகில் அசையாப் பாறையிலும் நிறுவுகின்றனர். இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே பிழை நேர்வதால், கழிக்கும்போது அது பெரிதும் நீங்குகிறது. சுமார் 19 செ.மீ. அலைநீளமுள்ள ஊர்தி அலையின் கட்டத்தையே அளவுகோலாகக் கொள்வதால் மில்லிமீட்டர் அளவிலான நகர்வும் தெரியவருகிறது. கிடைமட்ட நகர்வைவிட உயர மாற்றத்தை அறிவதில் மட்டும் துல்லியம் சற்றுக் குறைவு.

அளவீடு கிடைத்தால் போதாது. அது எங்குக் கொண்டுசெல்லும் என்றும் அறிதல் வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் புகுசோனோ 1985இல் எளிய வழியொன்றைக் காட்டினார். வேகத்தின் தலைகீழியை நாள்தோறும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். நாளொன்றுக்கு 10 செ.மீ. நகர்ந்த சரிவு, ஐந்து நாள் கழித்து 20 செ.மீ. நகர்வதாகக் கொள்வோம். தலைகீழி 0.10இலிருந்து 0.05 ஆகக் குறைகிறது. அக்கோட்டை நீட்டினால் மேலும் ஐந்து நாளில் சுழியைத் தொடும். சரிவு நிகழக்கூடிய நாள் அதுவே. எனினும், கோடு எப்போதும் நேராக இறங்குவதில்லை. மழையால் விரைந்த நிலம் நீர் வடிந்ததும் தணிவதுண்டு. அவசரப்பட்டு ஊரைக் காலிசெய்தால் மக்களின் நம்பிக்கை குலையும். தயங்கினால் உயிர்கள் போகும்.

பிரியென்ஸில் செயற்கைக்கோள் அளவீட்டுடன் ரேடார் முதலிய கருவிகளும் மலையைக் கண்காணித்தன. 2023 மே 12ஆம் நாள் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒரு மாதத்திற்கும் மேலாக ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. ஜூன் 15ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாறைத்திரளின் பெரும்பகுதி சரிந்து, ஊரின் விளிம்பை நெருங்கி நின்றது. உயிரிழப்பு எதுவும் இல்லை. ஜூலையில் வீடு திரும்பிய மக்கள், 2024 நவம்பரில் மீண்டும் ஒருமுறை ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.